குழியில் ஆள் உண்டா?

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிப்ட் கூண்டின் கூரைமேல் நிற்பவர், கூண்டைக் கீழே இறக்குவதற்கு முன், "குழியில ஆள் உண்டா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். தரைத்தளத்துக்கும் அடியில், லிப்ட்டுக்காகத் தோண்டிய குழியில் வேலை செய்தவர் அதை விட்டு ஏறி, தரைத்தளத்து வாசலில் நின்றபடி, "ஆள் இல்ல" என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகு கதவிடுக்கில் கையை விட்டு, நீளமான ஸ்பானரால் ரெயிலில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ரெயில் என்பது கூண்டு ஏறி இறங்குவதற்காகச் சுவரோரமாக அடியிலிருந்து உச்சிவரை நட்டிருக்கும் இரும்புச் சட்டம். குரல், தட்டு, இரண்டும் வந்த பிறகுதான் மேலே இருப்பவர் பொத்தானைத் தொடலாம். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. திருவனந்தபுரத்தில் லிப்ட் வேலை பார்க்கிற எல்லாரும் செய்கிறார்களா என்றும் எனக்குத் தெரியாது. நானும் என் கூட்டாளியும் செய்வோம்.

குரல் போதாதா, எதற்குத் தட்டு என்று சிலர் கேட்பதுண்டு. லிப்ட் ஓடும் அந்தச் செங்குத்தான சந்துக்குள் ஒருமுறை நின்று பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். அங்கே குரல் எங்கிருந்து வருகிறதென்று சொல்லவே முடியாது. கீழே பேசினால் தலைக்கு மேல் கேட்கும். மேல்மாடியில் ஒருவர் இருமினால் காலடியில் யாரோ இருமுவார்கள். ரெயில் அப்படி ஏமாற்றாது. கேள்வி கேட்கும்போதே நான் இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொள்வேன். கிரீஸில் கை கறுத்துப்போகும், போகட்டும். கீழே தட்டினால் காதுக்கு வருவதற்குள் கைக்கு வந்துவிடும். கையால் கேட்பது என்று நாங்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

கூட்டாளி களியக்காவிளைப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். வயதில் மூத்தவர் என்பதால் நான் அண்ணன் என்பேன், அவர் பிள்ளே என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். அவர் "ஆள் இல்ல" என்றால் சாலைக் கடைத்தெருவுக்கே கேட்கும். இந்த வழக்கத்தைப் பற்றி அவர் ஒருநாள் டீக்கடையில் வைத்துச் சொன்னது நினைவிருக்கிறது.

"காலியா இருக்கேன்னு குழி தானா சொல்லாது, கேட்டியா. ஆள் இல்லன்னு சொல்லதுக்கும் ஒரு ஆள் வேணும்லா."

நானும் ஐ.டி.ஐ.தான், எலெக்ட்ரீஷியன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். என் அத்தை மகன் பி.டெக். முடித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் ஃபியூஸ் போனால் எனக்குத்தான் போன் செய்வான். ஆனாலும் கல்யாண வீடுகளில் அவனை என்ஜினியர் என்றும் என்னை "கரண்டு வேலைக்குப் போறா" என்றும் அறிமுகம் செய்வார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும், ஆனால் பழகவில்லை. இன்றும் எரிச்சல்தான்.

பெயருக்காக அல்ல அந்த எரிச்சல். ஒரு குடியிருப்பில், கதவு முழுதாக மூடுவதற்கு முன்பே கூண்டு நகரத் தொடங்கியிருந்தது. இதை நிறுத்திப் போட வேண்டும் என்றேன். நிறுத்தவும் ஓட்டவும் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்குக் கிடையாது, பட்டம் படித்த சூப்பர்வைசருக்குத்தான். போனில் அவர் சொன்னார்: "ஓடட்டும். நாளைக்கு ஆள் அனுப்பறேன்." "அந்த ஆள் நான்தான் சார், இங்கேதான் நிக்கேன்" என்றேன். அவர் சிரித்தார். அன்று சாயங்காலம் கூரியர் கொண்டுவந்த ஒருவரின் மணிக்கட்டு அந்தக் கதவில் உடைந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போனேன். வழி நெடுக அந்த மனிதர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், நானும் கேட்டுக்கொண்டே போனேன்.

அதன் பிறகுதான் எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும் என்று வெறியே வந்தது. நான் வேண்டாம் என்றால் அது வேண்டாம் என்றே ஆக வேண்டும்.

ஐ.டி.ஐ. படித்து வருஷக்கணக்காகக் கூண்டின்மேல் நிற்கிறவர்களை நேரிலேயே வந்து பார்த்து, தேறினால் சூப்பர்வைசர் பெர்மிட் கொடுக்கலாம் என்று ஓர் ஏற்பாடு வந்தபோது முதல் ஆளாக மனுக் கொடுத்தேன். எழுத்துத் தேர்வு கிடையாது. ஓடுகிற லிப்ட்டில் வேலை செய்து காட்ட வேண்டும். தோற்றால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கொடுத்த இடம், நான் மாதாமாதம் பராமரிப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஆரியசாலைக் கட்டடம். பழைய லிப்ட், கணினி எதுவும் இல்லாதது, கைவேலை அதிகம். அந்த லிப்ட்டா என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். ஏனென்றால் அதற்குள் எனக்கும் அந்த லிப்ட்டுக்கும் இடையே ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது.

கட்டடத்தின் தரைத்தளத்தில் மிளகாய் வத்தல் மொத்தக் கடை. நடு மாடிகளில் கிடங்குகள். நான்காம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் குடித்தனங்கள். லிப்ட் சந்துக்குள் நுழைந்தாலே மிளகாய் நெடி மூக்கில் ஏறும். அங்கே முதல் தடவை போனபோதே, செங்கோட்டைக்காரரான வாட்ச்மேன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வெளக்கு வச்ச பொறவு லோடுகாரங்க இதுல சரக்கு ஏத்த மாட்டேங்காங்க. உள்ள இருந்து ஒருத்தன் பேசுதானாம்."

"என்ன பேசுதானாம்?"

"இவங்க கீழ நின்னு, மேல ஆள் உண்டான்னு சத்தம் போடுவாங்கல்லா. ஆள் இல்லன்னு சொல்லுதானாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டடத்துக்காரர் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஏற்கெனவே தேங்காய் உடைத்தாயிற்று என்றும் வாட்ச்மேன் சொன்னார். "அப்ப எனக்கு வேலை இல்ல" என்று கேலியாகச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். கூண்டின் கூரையில் நின்று, விளக்கை மாட்டி, ரெயிலில் கை வைத்து, "குழியில ஆள் உண்டா?" என்றேன்.

"ஆள் இல்ல."

மெல்லிய குரல். நீர் வற்றிப்போன தொண்டையிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. ஒரு கணம் கழித்து, அண்ணனின் குரல் இடி மாதிரி வந்தது: "ஆள் இல்ல!" இரண்டு தட்டும் உள்ளங்கையில் வந்தன.

"எதுக்குண்ணே ரெண்டு தடவ சொல்லுதீங்க?" என்று கத்தினேன்.

"நான் ஒரு தடவதான பிள்ளே சொன்னேன்?"

எதிரொலியாக இருக்கும் என்று அண்ணன் பிறகு டீக்கடையில் சொன்னார். எதிரொலி கேள்வியைத் திருப்பிச் சொல்லும், பதில் சொல்லாது. அதுவும் முந்திக்கொண்டு வராது. இதை நான் சொன்னதும் அவர் டீயை வைத்துவிட்டுக் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். இருவரும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த மாதமும் அதே குரல். அண்ணன் உதிரிப்பாகம் வாங்கக் கிழக்கேகோட்டைக்குப் போயிருந்த நேரத்தில், மதிய வெயில் வென்டிலேட்டர் வழியாகக் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தபோது, நானே வேண்டுமென்றே கேட்டேன். "ஆள் உண்டா?" "ஆள் இல்ல." உடனே, "நீ யாரு?" என்றேன். பதில் இல்லை. மலையாளத்தில் கேட்டேன், "ஆராணு?" பதில் இல்லை. எங்கோ தண்ணீர்க் குழாய் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. மறுபடியும், "ஆள் உண்டா?"

"ஆள் இல்ல."

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ஏதோ ஒன்று அங்கே இருந்தது. அது சொல்வதோ தான் இல்லை என்று. பட்டப்பகலில், மூக்கில் மிளகாய் நெடியோடு, கூண்டின் கூரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் திரும்பி வரும்வரை பொத்தானைத் தொடவில்லை.

மாடி மாடியாகப் போய்க் கதவைத் தட்டி விசாரித்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். லிப்ட்டில் குரல் கேட்கிறது என்று ஒரு பெண் மெக்கானிக் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனால், அந்தக் கதை எனக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதோடு எனக்கு ஒரு தைரியமும் இருந்தது. குரல்தானே வருகிறது, தட்டு வரவில்லையே. தட்டு வராத குரலுக்கு எங்களிடம் மதிப்பில்லை.

சோதனை நாளில் நல்ல மழை. தெருவில் மிளகாய்ச் சாக்குகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சோதிக்க வந்தவர் ஓய்வு பெற்ற லிப்ட் இன்ஸ்பெக்டர், மலையாளி அம்மா. கீழே போட்ட நாற்காலியில் உட்காராமல், முழங்கால் வலியோடு படியேறி, ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு என்னோடு கூண்டின் கூரைக்கே இறங்கிவிட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது. கூரையில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். விளக்கு வெளிச்சம் எங்கள் இருவரின் முழங்கால்வரைதான் விழுந்தது. அதற்குமேல் மாடி மாடியாக இருட்டு.

பிரேக், கயிறு, கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் காட்டினேன். நடுநடுவே அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியாகக் கூண்டை மெதுவாக அடிவரை இறக்கி நிறுத்திக் காட்ட வேண்டும். கீழே அண்ணன் குழியைச் சுத்தம் செய்துவிட்டு, வெளியே ஏறி, குழிச் சுவரில் வாசலிலிருந்து கையெட்டும் இடத்தில் இருக்கும் சிவப்பு ஸ்விட்சையும் விடுவித்திருந்தார். அந்த ஸ்விட்ச் அமுங்கியிருக்கும்வரை கூண்டு நகராது. விடுவித்ததை, கூண்டை ஓட்டும் பொத்தான்கள் இருக்கும் என் பெட்டியில் எரிந்த சின்ன விளக்கு காட்டியது.

ரெயிலில் உள்ளங்கையை வைத்தேன்.

"குழியில ஆள் உண்டா?"

"ஆள் இல்ல."

அந்த மெல்லிய குரல்தான். அண்ணனின் குரலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. வந்தது தட்டு. டக். டக். இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம், எங்கள் வழக்கப்படியே, நடுவில் நாங்கள் விடுகிற அதே இடைவெளி.

இன்ஸ்பெக்டர் அம்மா தலையாட்டி, "ம். இறக்கிக்கோ" என்றார்.

என் வலது கை பொத்தான்மேல் இருந்தது. குரல் வந்துவிட்டது. தட்டும் வந்துவிட்டது. அமுக்க வேண்டியதுதான். ஆனால் என் இடது கை ஒன்றும் கேட்கவில்லை. ரெயில் சும்மா, சில்லென்று, செத்துக் கிடந்தது.

வலது கையை எடுத்துவிட்டேன்.

"எந்தா?" என்றார் அவர்.

"இந்த மறுமொழியில எனக்கு விசுவாசம் இல்ல மேடம்."

"ஞானும் கேட்டல்லோ. ரண்டும் வந்நு." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "பேடியாணோ?"

பயமில்லை என்று சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசர் ஆகப் போகிறவள் சோதிக்கிறவர் முன்னால் பயம் என்று சொல்லலாமா? வாயில் வந்தது உண்மைதான். "ஆமா மேடம், பேடிதான். காதுக்கு வந்துச்சு, கைக்கு வரல்ல."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் திட்டவில்லை. தன் உள்ளங்கையையும் எடுத்து, கிரீஸ் பற்றிக் கவலைப்படாமல், என் கைக்குப் பக்கத்தில் ரெயிலில் வைத்தார். நான் மறுபடி கேட்டேன்.

"ஆள் இல்ல." டக். டக்.

இரண்டு கைகளுக்கு அடியிலும் ரெயில் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா சூடுபட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். என் பெட்டியிலிருந்த நிறுத்தும் ஸ்விட்சை அமுக்கிவிட்டு, போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

மணி அடித்தது. தரைத்தள வாசலிலிருந்து வர வேண்டிய சத்தம், எங்கள் காலுக்கு நேர் கீழே, ஆழத்திலிருந்து வந்தது. குழிக்குள்ளிருந்து.

அவர் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நாங்கள் மேல்வாசல் வழியாக ஏறி, படிகளில் ஓடி, தரைத்தளக் கதவைச் சாவி போட்டுத் திறந்தோம். அண்ணன் குழிக்குள் முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் இரும்பு ஏணியைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தேவாலயத்தையே அதிர வைக்கிற தொண்டை. தூக்கி வெளியே உட்கார வைத்து, வாட்ச்மேன் கொடுத்த தண்ணீரைக் குடிக்க வைத்த பிறகுதான் பேச்சு வந்தது.

நடந்தது இதுதான். வெளியே ஏறிய பிறகுதான் ஸ்பானரைக் குழியிலேயே விட்டுவிட்டது தெரிந்திருக்கிறது. ஸ்பானர் இல்லாமல் தட்ட முடியாதே என்று மறுபடி இறங்கியிருக்கிறார். எடுத்துவிட்டு உடனே வரத்தானே போகிறோம் என்று சிவப்பு ஸ்விட்சை அமுக்கவில்லை. கதவு தன்னால் மூடிக்கொண்டது. ஸ்பானர் கூண்டைத் தாங்கும் ஸ்பிரிங்குக்கு அடியில் உருண்டிருந்தது. பழைய கட்டடம், ஆழம் குறைந்த குழி. கூண்டு அடிக்கு வந்தால் அங்கே ஓர் ஆள் குனிந்திருக்க இடமில்லை.

"நான் கேட்டது உங்களுக்குக் கேக்கலையா?" என்று கத்தினேன். கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"கேட்டுச்சு பிள்ளே. நான் மறுமொழி சொல்லாம நீ ஓட்ட மாட்டேல்லா. அதான் பைய எடுத்துக்கிட்டு வருவோம்னு..." இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அப்பறமா அந்தக் கொரல் கேட்டுச்சு. எனக்குப் பதிலா ஆள் இல்லன்னு சொல்லிச்சு. தட்டுனதும் கேட்டுச்சு. சத்தம் போடப் பாத்தேன். கொரல் வரல்ல."

இந்தத் தவறை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வழக்கத்தை நம்பாதவர் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடியிருப்பார். அவர் என் கேள்வியைக் கேட்டபிறகும் நிம்மதியாகக் குனிந்திருந்தார்.

இனிமேல் மானம் பார்க்க ஒன்றுமில்லை. மாடி மாடியாகப் போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். நான்காம் மாடியில், லிப்ட் சந்தை ஒட்டிய வீட்டில், ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள். தமிழ்க் குடும்பம்தான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றேன்.

"அப்பா மட்டும்தான். அவருக்கு ஒண்ணும் ஓர்மையில்ல. சத்தம் கித்தம் போட்டாரா? வீட்டுக்காரர்ட்ட சொல்லிராதீங்கக்கா, காலி பண்ணச் சொல்லிருவாங்க."

அறைக்குள் ஒரு கட்டில். தலைமாட்டில் சந்துக்குள் திறக்கிற சின்ன ஜன்னல், இரும்புக் கம்பி போட்டது. கட்டிலில் மெலிந்த ஒரு மனிதர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில், கைப்பிடி தேய்ந்து பளபளத்த ஒரு நீள ஸ்பானர். அதைப் பார்த்ததும், ரெயிலில் அல்ல, இந்த ஜன்னல் கம்பியில்தான் தட்டு விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"லிப்ட் மெக்கானிக்கா இருந்தாரு," என்றாள் மகள். "என்னையே தெரியல்ல இப்ப. யாரோ அக்கான்னு நெனச்சு சேச்சின்னு கூப்பிடுவாரு. கை எப்பவும் எதையோ தொழாவிக்கிட்டே இருந்துச்சு. போன வாரம் கட்டிலுக்கு அடியில இந்த ஸ்பானர் கெடச்சுது. கையில குடுத்தேன், அடங்கிட்டாரு."

அவள் கொடுத்தது அன்பினால். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெரியவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிரீஸ் படிந்த என் இடது உள்ளங்கையைத்தான் பார்த்தார். நெடு நேரம் பார்த்தார். பிறகு மூக்கை இழுத்து அந்த எண்ணெய் வாசனையை முகர்ந்தார்.

"மேல நிக்கது நீதானா?"

"ஆமா."

"ஓட்டு. ஆள் இல்ல."

என் வீட்டில், ஆபீசில், கல்யாணப் பந்தியில் யாரும் இவ்வளவு உறுதியாக என்னை மெக்கானிக் என்று அடையாளம் கண்டதில்லை. பெற்ற மகளைத் தெரியாத ஒரு மனிதர் கண்டார். கண்டு, என் கூட்டாளியைக் கொல்லச் சொன்னார். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஜன்னலைப் பலகையால் மூடி, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்து காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர் அம்மா. செய்தேன். அண்ணனும் கீழே நின்று தட்டினார். இந்தத் தடவை ரெயில் உயிரோடு இருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா தன் உள்ளங்கையை வைத்தே அதையும் சரிபார்த்துக்கொண்டார். பிறகு படியில் உட்கார்ந்து, சோதனைப் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இது எழுதான் ஃபாமில் ஸ்தலமில்லா" என்றார். இதை எழுத இடமில்லாத படிவத்தில், இடமிருந்ததையெல்லாம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். கையில் கிரீஸ் இருந்ததால் படிவத்தின் ஓரத்தில் அவர் பெருவிரல் பதிந்துவிட்டது.

பெர்மிட் வந்தது. வீட்டில் என் அம்மா அதைப் பூஜை அறையில் வைத்துவிட்டு எடுத்துத் தந்தாள்.

அதன் பிறகு ஆரியசாலைக்குப் போகும்போதெல்லாம் முதலில் நான்காம் மாடிக்குப் போய், ஜன்னல் பலகை மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். ஸ்பானரைப் பிடுங்க வேண்டாம் என்று நான்தான் மகளிடம் சொன்னேன். வேலையெல்லாம் முடிந்து, கூண்டை நிறுத்திப் பூட்டிய பிறகு, மகள் பலகையை எடுப்பாள். நான் சந்துக்குள் தலையை நீட்டி அவருக்காக ஒரு தடவை கேட்பேன். அவர் பதில் சொல்லித் தட்டுவார். அண்ணன் அந்த நேரத்தில் மட்டும் தெருவுக்குப் போய்விடுவார். லோடுகாரர்களுக்கு விஷயத்தைச் சொன்னோம். அவர்கள் நம்பவில்லை. பேய் என்பதே அவர்களுக்கு வசதியாக இருந்தது போல.

பெரியவர் அடுத்த மழைக்காலத்துக்குள் இறந்துபோனார். மகள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனாள். ஸ்பானரை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. அறையைப் பூட்டி, ஜன்னலுக்குச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள்.

அதற்கடுத்த பராமரிப்புக்குப் போனது ஒரு வெயில் நாள், முற்பகல். அண்ணன் என் பக்கத்திலேயே, கூண்டின் கூரையில் நின்று கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே யாரும் இல்லை. தரைத்தளக் கதவைப் பூட்டி, சாவியை என் இடுப்பில் நானே மாட்டியிருந்தேன். விளக்கைத் திருப்புவதற்காக ரெயிலைப் பிடித்தேன். நான் எதுவும் கேட்கவில்லை.

உள்ளங்கையில் இரண்டு தட்டு வந்தது.

காதில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் துணியும் கையுமாக நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர். மெதுவாகத் தன் கையையும் ரெயிலில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அவர் உதடு அசையத் தொடங்கியது, ஜெபம்தான் என்று தெரிந்தது.

"குழியில ஆள் உண்டா?" என்று கேட்டேன்.

குரல் வரவில்லை. தட்டு மட்டும் வந்தது, எங்கள் இடைவெளி விட்டு, இரண்டு.

கீழே போய்க் கதவைத் திறந்து பார்த்தோம். குழி காய்ந்து, சுத்தமாக, நாங்கள் போன மாதம் விட்டபடியே இருந்தது. ஒரு மிளகாய் வத்தல் மட்டும் கிடந்தது. சுவரைப் பார்த்தேன், ரெயிலின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அரைமணி நேரம் நின்று கேட்டேன். எங்கும் ஒரு குறையும் இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். ஓட்டலாம் என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான்.

வாட்ச்மேனின் மேசையில் வைத்து லிப்ட்டை நிறுத்திப்போடும் தாளை எழுதினேன். ஆபீசிலிருந்து போன் வந்தது. அதே பழைய சூப்பர்வைசர்தான். என்ன பழுது என்றார். "நிறுத்திருக்கேன் சார், தாள் வரும்" என்றேன். சரி என்று வைத்துவிட்டார். என் கையெழுத்துக்கு அந்த மரியாதை உண்டு இப்போது.

காரணம் என்று போட்டிருந்த இடத்தில் பேனா நின்றது. ஆள் இல்லை என்று சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணன் டீக்கடையில் சொன்னதை நினைத்துக்கொண்டு எழுதினேன்: "குழியில் ஆள் உண்டு."